ஜிமி பள்ளத்தாக்கில் மாறிய உப்பு: தாயின் அயோடினும் குழந்தையின் மூளையும்

1966-இல் பப்புவா நியூ கினியின் மேற்கு மலைநாட்டில், ஜிமி ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்களில் முதன்முறையாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. பெயர் கொடுக்க வந்த குடும்பங்களுக்கு அங்கேயே ஊசியும் போட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு அயோடின் ஏற்றிய எண்ணெய், அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர், அதற்கடுத்த குடும்பத்துக்கு மறுபடி எண்ணெய். யாருக்கு எது போனது என்பது பதிவேட்டோடு நின்றது. பின்னால் பிறந்த குழந்தைகளைச் சோதித்தவர்களுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். தாய் உண்பது குழந்தையின் மூளையை எப்படித் தொடுகிறது என்ற கேள்விக்கு இந்த வரிசையிலிருந்து வந்த பதில் அளவுக்குத் தெளிவான பதில்கள் மிகக் குறைவு. எந்தச் சத்து, எந்த வாரத்தில், எதைக் கெடுக்கிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்ன ஆய்வு இது.

அந்த ஊர்களில் முன்கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு சுரப்பியின் வீக்கம், பரவலாக இருந்தது. அதோடு, சில குழந்தைகள் காது கேளாமல், பேச்சு வராமல், மாறுகண்ணோடு, கால்கள் விறைத்து, அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். மருத்துவம் இதைக் கிரெட்டினிசம் என்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. மூளையும் நரம்பும் முதன்மையாகப் பாதிக்கப்படுவது ஒன்று. உடல் குறுகி, தோல் தடித்து, தைராய்டு செயலிழந்த அடையாளங்களோடு வருவது மற்றொன்று. ஜிமியில் இருந்தது முதல் வகை. கழலையும் இந்தக் குறையும் ஒரே ஊர்களில் சேர்ந்து வருவது நெடுங்காலமாகத் தெரிந்த செய்திதான். 1908-இல் காஷ்மீரின் வடக்கே உள்ள கில்கித் பகுதியில் இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டியவர் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன். பின்னாளில் நீலகிரியின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை வளர்த்தவரும் அவரே. அந்தக் கூடம்தான் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. ஆனால் அயோடின் குறைவுதான் மூளையைக் கெடுக்கிறதா, அல்லது இரண்டும் சும்மா சேர்ந்து காணப்படுகின்றனவா என்பதை யாரும் நிரூபித்திருக்கவில்லை. அதைச் செய்ய ஜிமிக்குப் போனவர் பீட்டர் ஃபாரோ என்ற மருத்துவர். உடன் உழைத்தவர்கள் இயான் பட்ஃபீல்டும் பேசில் ஹெட்செலும்.

ஜிமியின் பழைய கதை ஆய்வை விடக் கூடுதலாக யோசிக்க வைப்பது. அங்கே இந்தக் குறை தலைமுறை தலைமுறையாக இருந்த ஒன்றல்ல என்று ஃபாரோ பின்னர் எழுதினார். மலையில் ஊறும் உப்பு ஊற்றுகளின் நீரிலிருந்து எடுத்த உப்பைத்தான் அந்த மக்கள் பயன்படுத்தி வந்தார்கள். அந்த உப்பில் அயோடின் மிக அதிகம். 1950-களில் வெளியாரோடு தொடர்பு ஏற்பட்டது. வெள்ளை வெளேரென்ற வணிக உப்பு வந்தது. ஊற்று உப்பு காய்ச்சுவது நின்றது. வந்த உப்பில் அயோடின் இல்லை. முதன்மை உணவான சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, மழை அடித்து அயோடினைக் கழுவிவிட்ட மலைமண்ணில் விளைந்தது. அந்தக் கிழங்கும் தண்ணீரும் முன்பும் அப்படியேதான் இருந்தன. மாறியது உப்பு ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது.

ஊசிக்குப் பின்

பெரியவர்களுக்குப் போட்ட அளவு 4 மில்லிலிட்டர், தசை ஊசியாக. எண்ணெய் தசையிலும் கொழுப்பிலும் தங்கி அயோடினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஓர் ஊசி நான்கு ஆண்டுக்கு மேல் தாங்கும் என்பதை பட்ஃபீல்டும் ஹெட்செலும் முன்பே காட்டியிருந்தார்கள். சாலை இல்லாத மலை ஊர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுபோக முடியாத நிலையில் இதுவே ஏற்ற வழி.

பிறகு பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் உட்காருவது, நிற்பது, நடப்பது, காது கேட்பது எனப் பார்த்துப் பதிந்தார்கள். முடிவு 1971-இல் வெளிவந்தது. உப்புநீர் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேருக்குக் கிரெட்டினிசம். எண்ணெய் பெற்றவர்களுக்குப் பிறந்த 498 குழந்தைகளில் 7 பேருக்கு. ஏறக்குறைய 100-க்கு 5 என்றிருந்தது 1.4 ஆகக் குறைந்தது.

இந்த 7 பேரில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. அவர்களில் 6 பேரின் தாய்மார் ஊசி போட்ட நாளிலேயே கர்ப்பமாக இருந்தவர்கள். அதாவது மருந்து உடலுக்குள் போனபோது கரு ஏற்கெனவே வளரத் தொடங்கிவிட்டது. ஊசிக்குப் பிறகு கருத்தரித்தவர்களிடம் கிரெட்டினிசம் ஏறக்குறைய இல்லாமலே போனது: ஒரே ஒரு குழந்தை. உப்புநீர் பெற்றவர்களிடமோ அப்படி 21 குழந்தைகள். மீதி 5 பேரின் தாய்மார் ஊசி நாளில் கர்ப்பமாக இருந்தவர்கள். ஒரே எண்ணெய், ஒரே அளவு, ஒரே ஊர். கருத்தரிப்புக்கு முன்பா பின்பா என்பதே வேறுபாடு.

நன்மை தரும் என்று நம்ப இடமிருந்த மருந்தைப் பாதிக் குடும்பங்களுக்குக் கொடுக்காமல் விட்டது சரியா என்ற கேள்வி இந்த ஆய்வின் மேல் இன்றும் நிற்கிறது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த 21 குழந்தைகளின் விலையில் கிடைத்த அறிவு என்பதாலேயே அதை வீணாக்குவது இரட்டைக் குற்றம்.

ஆண்டுகள் கழிந்து, இயல்பானவர்கள் என்று குறிக்கப்பட்ட குழந்தைகளை மறுபடி சோதித்தார்கள். கயிற்றில் மணி கோக்க வேண்டும். துளைப் பலகையில் குச்சிகளைச் செருக வேண்டும். குறித்த நேரத்துக்குள் எத்தனை என்பதுதான் கணக்கு. எழுத்தும் பள்ளிப் பாடமும் தேவைப்படாத, கண்ணும் விரலும் ஒத்துழைக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை. எண்ணெய் பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் வேகமாகச் செய்தார்கள். மற்றவர்களிடம் ஊனம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஓடுகிறார்கள், பேசுகிறார்கள், ஊர்க்கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. மணி கோக்கையில்தான் தெரிந்தது. 1979-இல் வந்த இந்த இரண்டாம் அறிக்கை முதலாவதை விடக் கவலைக்குரியது என்பது எங்கள் கருத்து. கிரெட்டினிசம் என்பது கண்ணுக்குத் தெரிந்த சிலர். அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சம் இழந்த பெருங்கூட்டம் இருந்திருக்கிறது.

ஏன் அந்த முதல் மாதங்கள்

தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டு தைராக்ஸினைச் செய்கிறது. ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் என்பதால் டி4 என்று பெயர். அதில் ஓர் அணுவைக் கழற்றினால் டி3. செல்லுக்குள் வேலை செய்வது இதுதான். கருவின் மூளையில் புதிதாகப் பிறக்கும் நரம்புச் செல்கள் உட்புறத்திலிருந்து மூளையின் வெளியடுக்கான புறணிக்கு நகர்ந்து தத்தம் அடுக்கில் போய் உட்காருவதற்கு இந்த ஹார்மோன் வேண்டும். கேட்கும் உறுப்பான காக்ளியா உருவாவதற்கும் அசைவைக் கட்டுப்படுத்தும் அடிமூளைச் செல்திரள்களுக்கும் வேண்டும். காது கேளாமை, விறைத்த கால், குன்றிய அறிவு மூன்றும் ஜிமியில் சேர்ந்தே வந்ததன் காரணம் இவை ஒரே காலத்தில் கட்டப்படுவதுதான்.

கருவின் சொந்தத் தைராய்டு 10 முதல் 12-ஆம் வாரத்தில்தான் அயோடினைப் பிடிக்கத் தொடங்குகிறது. போதிய அளவில் சுரக்க 18, 20 வாரம் ஆகும். அதுவரை தாயின் டி4 நச்சுக்கொடி வழியாகக் கடந்து போவதுதான் வரவு. கருவின் மூளை அந்த டி4-ஐ எடுத்துத் தானே டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. தாயின் இரத்தத்தில் ஓடும் டி3 அதற்கு அவ்வளவாக உதவுவதில்லை.

சிக்கல் இங்கேதான். அயோடின் குறைந்தால் தாயின் சுரப்பி சிக்கனம் பிடிக்கிறது. நான்கு அணு வேண்டிய டி4-ஐக் குறைத்து, மூன்றோடு முடியும் டி3-ஐக் கூட்டுகிறது. தாயின் உடலுக்கு அது போதும். களைப்பு இல்லை, எடை கூடவில்லை, "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றுதான் சொல்வாள். அவள் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் அதே வழி, கருவின் மூளைக்கு வேண்டிய டி4-ஐக் குறைத்துவிடுகிறது.

பிறவியிலேயே தைராய்டு இல்லாமல் பிறக்கும் குழந்தையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே தாய்க்கு ஹார்மோன் போதுமான அளவு இருக்கும். வயிற்றில் இருக்கும்வரை அது குழந்தையைத் தாங்குகிறது. பிறந்த சில நாளில் குதிகாலில் இரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் இயல்பாக வளரும். அயோடின் இல்லாத ஊரில் தாய், சேய் இரண்டு பேரிடமும் இல்லை. பிறந்த பின் கொடுக்கும் மருந்து, 15-ஆம் வாரத்தில் இடம் தவறி உட்கார்ந்த நரம்புச் செல்லைத் திரும்ப நகர்த்தாது.

கர்ப்பத்தில் தேவையும் கூடுகிறது. தாயின் சுரப்பி வழக்கத்தை விட ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாகச் சுரக்க வேண்டும். சிறுநீரகம் அயோடினைக் கூடுதலாக வெளியேற்றும். பிற்பாதியில் கருவின் சுரப்பிக்கும் பங்கு போகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் சாதாரணப் பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் என்றும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 என்றும் சொல்கிறது.

எதுவரை கொடுத்தால் பயன் உண்டு? இதற்குப் பதில் சீனத்தின் சின்ஜியாங் பகுதியிலிருந்து 1994-இல் வந்தது. முதல் ஆறு மாதத்துக்குள் அயோடின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு 2 பேரிடம் நடுத்தர அல்லது கடுமையான நரம்புக் குறைகள். கடைசி மூன்று மாதத்திலோ பிறந்த பின்போ பெற்றவர்களிடம் 100-க்கு 9. ஆக, கடும் குறைவு உள்ள ஊரில் ஐந்தாம் மாதத்தில் கண்டுபிடித்தாலும் கொடுப்பது வீணல்ல. ஆனால் முந்தினால்தான் முழுப் பயன்.

இலேசான குறைவைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. பிரிட்டனில் சுமார் ஆயிரம் தாய்மாரை வைத்து 2013-இல் வந்த ஆய்வு, முதல் மூன்று மாதத்தில் அயோடின் குறைந்திருந்தவர்களின் பிள்ளைகள் 8 வயதில் மொழித்திறன் சோதனையிலும் 9 வயதில் வாசிப்பிலும் சற்றே பின்தங்கியதைக் கண்டது. ஆனால் பெங்களூரிலும் பாங்காக்கிலும் இலேசான குறைவுள்ள கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 200 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 5 - 6 வயதில் பிள்ளைகளிடையே வேறுபாடு தெரியவில்லை. அது 2017-இல் வெளிவந்தது. இலேசான குறைவை உடலே சமாளித்துக்கொள்கிறது என்று இதைப் படிக்கலாம். கர்ப்பம் உறுதியான பின் மாத்திரை தொடங்குவது பிந்திப்போகிறது என்றும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே வீட்டு உப்பு சரியாக இருப்பதற்கு மாற்று இல்லை.

நம் வீட்டு உப்பு

குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிகம் உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. தூத்துக்குடி உப்பளங்கள் ஊரறிந்தவை. ஆனால் 2018-19-இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுவதும் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் அதுவே மிகக் குறைவு. 90 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்பது உலக அளவிலான இலக்கு. உப்பு விளையும் மண்ணிலேயே இந்த நிலை என்பது மனதை உறுத்துகிறது.

"கடல் உப்புதானே, அயோடின் இல்லாமலா இருக்கும்?" என்பது இங்கே வேரோடிய நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம்; அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அத்தனையும் உப்போடு ஒட்டிக்கொண்டாலும் கிராமுக்கு 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. பாத்தியில் காய்ந்து வாரும்போது அதுவும் குறையும். சட்டப்படி கடையில் வாங்கும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். உப்போடு பொட்டாசியம் அயோடேட் சேர்த்தால்தான் இது வரும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு 2006 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் மீண்டும் தடை இருக்கிறது.

கல்லுப்பில் கூடுதல் தொல்லை உண்டு. அயோடேட் கரைசலைத் தெளிக்கும்போது அது கல்லின் மேற்பரப்பில்தான் படிகிறது. பெரிய கல்லில் சீராகப் படியாது. அழுக்கு போகட்டும் என்று கல்லுப்பை ஒரு முறை அலசி எடுத்தால் மேலே இருந்தது தண்ணீரோடு போய்விடும். கல்லுப்புதான் வேண்டும் என்பவர்கள், அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட மூடிய பாக்கெட்டில் வாங்கி, அலசாமல் பயன்படுத்தலாம். மண் இருக்கிறதென்றால் கரைத்துத் தெளியவைத்து அந்த நீரையே குழம்புக்கு ஊற்றலாம். அடுப்பருகே திறந்த ஜாடியில், ஈரக்கை படும்படி வைத்திருந்தால் அயோடின் மெல்லப் போகும். மூடியுள்ள டப்பாவில் வெயில் படாமல் வையுங்கள். கொதிக்கையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இறக்கும்போது உப்பு போடுவது நல்ல பழக்கம்.

உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியைச் சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்துவதுண்டு. ஒரு சிட்டிகை உப்பைத் தட்டையாகப் பரப்பி, கரைசலை இரண்டு சொட்டு விட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் உப்பு நீலம் கலந்த ஊதாவாக மாறினால் அயோடின் உண்டு. நிறம் அழுத்தமாக இருந்தால் 15-க்கு மேல், வெளிறியிருந்தால் கீழ். நிறமே வராவிட்டால் உடனே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. காரத்தன்மை உள்ள உப்பில் நிறம் வராமல் போகும்; வேறோர் இடத்தில் புது உப்பைப் பரப்பி, பெட்டியோடு வரும் அமிலக் கரைசலை விட்டபின் மறுபடி சோதிக்க வேண்டும். மூட்டையின் மேலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பது அவசியம். ஈரம் அடியில் இறங்கும்போது அயோடினும் சேர்ந்து இறங்கியிருக்கும்.

கர்ப்பிணி ஒருவர் ஒரு நாளில் 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 அளவுள்ள உப்பென்றால் 120 மைக்ரோகிராம். சமையல் இழப்பு போக 96. தேவையோ 250. அயோடின் இருக்கிறது என்று பாக்கெட் சொன்னாலும் பாதிகூட நிரம்பவில்லை. மீதி பால், தயிர், முட்டை, கடல்மீன் வழியாக வர வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 25 மைக்ரோகிராம். பாலின் அளவு மாட்டுத் தீவனத்தைப் பொறுத்து மாறும். பாலும் முட்டையும் மீனும் எதுவுமே எடுக்காதவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொன்னால் அளவைத்தான் குறைக்க வேண்டும். பலர் உப்பையே மாற்றி இந்துப்புக்குப் போய்விடுகிறார்கள். கடையில் விற்கும் இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. ஜிமியில் நடந்ததும் இதேதான்: அயோடின் உள்ள உப்பு போய் இல்லாத உப்பு வந்தது. அங்கே வேறு வழியில்லாமல் வந்தது, இங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு, அயோடின் கிடையாது. அதற்காக அதை நிறுத்திவிடக் கூடாது. தைராய்டில் அயோடினை ஹார்மோனாகக் கோக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். இரத்தசோகை உள்ள பெண்ணிடம் அயோடின் இருந்தும் முழுப் பயன் கிடைக்காது. ஃபோலிக் அமிலத்தின் கதையும் காலத்தைப் பற்றியதுதான். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் கருவுற்ற 28-ஆம் நாளுக்குள் மூடிவிடும். அப்போது பலருக்கு நாள் தள்ளிப்போனதே உறுதியாகியிருக்காது. எனவே குழந்தைக்குத் திட்டமிடும் மாதத்துக்கு முன்பே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்துவது பெரும் தவறு. தேவை அப்போதுதான் கூடுகிறது. பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மாதத்திலேயே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்து மருத்துவர் அளவை மாற்றுவார். காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்கி, இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்து விழுங்கினால் அது குடலிலேயே பிணைந்து வெளியேறிவிடும். ஒரே ஒரு சிறுநீர் அயோடின் பரிசோதனையைச் செய்துகொண்டு பதறவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அந்த அளவு நாளுக்கு நாள் மாறும். ஊர் முழுக்க எடுத்த நடு அளவுக்குத்தான் பொருள் உண்டு. கர்ப்பிணிகளிடம் அது லிட்டருக்கு 150 முதல் 249 மைக்ரோகிராம் இருந்தால் போதுமானது.

அளவு மீறுவதும் ஆபத்து. கடற்பாசித் தூள் மாத்திரைகளில் அயோடின் எவ்வளவு என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும்; கர்ப்பத்தில் அவற்றைத் தவிர்க்கலாம். நாளுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் போகத் தேவையே இல்லை. மரவள்ளிக் கிழங்கும் முட்டைக்கோசும் தைராய்டைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அயோடின் போதுமான வீட்டில், நன்றாக வேகவைத்து அளவாகச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை.

பேறு முடிந்த பின் வரும் பத்தியச் சாப்பாட்டில் உப்பு, பால், மீன் எல்லாம் ஒருசேரக் குறைக்கப்படுவது பல வீடுகளில் வழக்கம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றுதான் குழந்தைக்கு உணவு என்பதால் அயோடினும் அதில்தான் வர வேண்டும். குழந்தையின் சுரப்பியில் இருப்பு மிகச் சொற்பம். பத்தியம் வைக்கிற பாட்டியிடம் காரத்தையும் எண்ணெயையும் அவர் விருப்பப்படி குறைக்கச் சொல்லிவிட்டு, ரசத்திலும் பருப்பிலும் போடுவது அயோடின் உப்பாகவும், தட்டில் ஒரு முட்டையோ ஒரு தம்ளர் பாலோ இருக்கும்படியும் மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.